பள்ளிக்கூடத்தில் பறை

பல தேசத்து மேளங்களையும் கூட்டுப் பாட்டுக்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்கின்ற பேச்சு இப்போது படித்தவர்கள் மத்தியில் அடிபட்டு வருகின்றது. பட்டணங்களில் பெரிய சம்பளம் வாங்குகின்ற பள்ளிக்கூடங்கள் சிலவற்றில், ஆப்பிரிக்காக் கண்டத்து 'ஜெம்பே' என்னும் மேளத்தைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாய்க் கொடுத்து, வட்டமாக உட்கார வைத்து, ஒரே தாளத்தில் அடிக்கப் பழக்குகின்றார்கள். இதனால் பிள்ளைகளுக்குக் கூச்சம் நீங்குகின்றதென்றும், ஒருவர் அடிப்பதை ஒருவர் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வருகின்றதென்றும் சொல்லுகின்றார்கள். இருக்கலாம். இதை ஆட்சேபிக்க நாம் வரவில்லை. மனதார வரவேற்கவே செய்கின்றோம்.

ஆனால் நாம் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. கடல் கடந்து வந்த ஆட்டுத்தோல் மேளத்தைத் தலைவாசல் வழியாக அழைத்து வந்து பாய் விரித்து உட்கார வைக்கின்ற பள்ளிக்கூடம், நாலு தெரு தள்ளியிருக்கும் மாட்டுத்தோல் பறையை ஏன் உள்ளே விடவில்லை? ஜெம்பேயை அடித்தால் கலை, பறையை அடித்தால் தீட்டு என்று எந்தப் பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? இரண்டும் மரமும் தோலும்தானே! மாலி தேசத்தில் இந்த ஜெம்பே யார் வீட்டு வாசலில் கிடந்தது, அதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பது நம்மவர்களுக்குத் தெரியாது. தெரியாததினாலேயே அது சுத்தமாக இருக்கின்றது. பறையை அடித்தவன் இன்னான் என்று தெரியும். தெரிந்ததினாலேயே அது அசுத்தமாகி விட்டது. அப்படியானால் தீட்டு என்பது தோலிலே இருக்கின்றதா, நம் தலையிலே இருக்கின்றதா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதைத் தென்காசி, குற்றாலம் பக்கத்தை முன்னிட்டு எழுதுவதற்குக் காரணமிருக்கின்றது. 2019ஆம் வருஷம் நவம்பர் 22ந் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான தென்காசிச் சீமையில் மேளத்திற்குப் பஞ்சமே கிடையாது. பறை இருக்கின்றது. தவிலும் பம்பையும் உறுமியும் சேர்ந்த நையாண்டி மேளம் இருக்கின்றது. வில்லும், வீசுகோலும், உடுக்கையும், குடமும், தாளமும், கட்டையும் சேர்ந்த வில்லுப்பாட்டு இருக்கின்றது. செங்கோட்டைத் தாலூகா 1956 நவம்பர் 1ந் தேதி வரையில் மலையாளத்து இராஜ்ஜியத்தோடு சேர்ந்திருந்தபடியால் மலைக்கு அந்தப் பக்கத்துச் செண்டையும் காதுக்குப் புதிதல்ல. இவையெல்லாவற்றிற்கும் மேலாகக் கணியான்களின் மகுடம் இருக்கின்றது. அண்ணாவி ஒருவர் நின்று கதை பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, பெண் வேஷம் கட்டிய ஆண்கள் இருவர் ஆட, ஒருவர் உச்சமும் ஒருவர் மந்தமுமாக இரண்டு மகுடங்களை அடிப்பார்கள். ஒரு மகுடம் கேள்வி போடும். மற்றது பதில் சொல்லும். தீயிலே காய்ச்சிக் காய்ச்சிச் சுருதி கூட்டி, விடிய விடிய அடித்தாலும் தாளம் பிசகாது. இந்த வித்தைக்கு எந்தச் சபாவிலும் மேடை கிடையாது. சுடலைமாடன் கொடையில்தான் இடம். அங்கேயும் சும்மா அல்ல; தன் கையைத் தானே கீறி இரத்தம் சிந்தி அந்தச் சாமிக்குக் கொடுத்தாக வேண்டும். இதற்குக் 'கைவெட்டு' என்று பெயர். பாட்டுக்காரன் பாடினால் போதாது, அவன் இரத்தமும் வேண்டும் என்கின்ற கடவுளை என்னவென்று சொல்லுவது?

குற்றாலத்திலே சித்திரசபை என்று ஒன்று இருக்கின்றது. நடராஜர் ஆடுவதாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் அதுவும் ஒன்று. அந்த நடராஜர் கையில் இருப்பது என்ன? உடுக்கை. சாமி கையில் மேளம் இருந்தால் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றவர்கள், மனிதன் கையில் மேளம் இருந்தால் எட்டிப் போ என்கின்றார்கள். அருவியோ வேண்டுதல் வேண்டாமை இல்லாமல் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுகின்றது. சீசன் காலத்தில் சர்க்கார் சாரல் விழா நடத்திக் கலைவாணர் அரங்கத்தில் கரகத்தையும் மேளத்தையும் மேடையேற்றுகின்றார்கள். குளிக்க வந்தவர்கள் ஈரத் தலையோடு நின்று பார்த்துக் கை தட்டுகின்றார்கள். மேளக்காரன் மேடையை விட்டு இறங்கி ஊர் போய்ச் சேர்ந்ததும் பழைய ஆளாகி விடுகின்றான். இந்தக் கைதட்டலினால் அவனுக்கு உண்டான யோக்கியதை ஒரு நாழிகைக்கு மேல் நிற்பதில்லை.

மேளத்தின் தோலைப் பற்றி இன்னும் ஒரு சங்கதி. சபா மேடையில் பட்டு விரிப்பில் உட்காருகின்ற மிருதங்கத்தில் போர்த்தியிருப்பதும் மாட்டுத் தோலும், எருமைத் தோலும், ஆட்டுத் தோலும்தான். அந்தத் தோலைப் பதம் பார்த்து இழுத்துக் கட்டுகின்றவர்கள் பெரும்பாலும் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர்கள். அவர்களுடைய உழைப்பைப் பற்றி டி.எம். கிருஷ்ணா என்கின்ற சங்கீத வித்துவான் 2020ஆம் வருஷத்தில் ஒரு புஸ்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் கொடுத்த சென்னை கலாக்ஷேத்திரம், புஸ்தகத்தில் சொல்லியிருப்பது இன்னதென்று பத்திரிகையில் வந்ததும் கொடுத்த அனுமதியை வாபஸ் வாங்கிக் கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத் தோலின் மேல் விரல் வைக்கலாம். மாட்டுத் தோல் என்று வாய் திறந்து சொல்லக் கூடாது போலும்!

நிற்க. இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக் கூடும். சம்பந்தம் நிறைய இருக்கின்றது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பாஞ்சாகுளம் கிராமத்தில், பெட்டிக்கடைக்கு மிட்டாய் வாங்கப் போன ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு, ஊர்க்கட்டுப்பாடு, இனிமேல் உங்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நாடே பார்த்தது. மறு வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே, கூடப் படித்த ஆதிதிராவிட மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தென்பாண்டிச் சீமையில் பிள்ளைகள் ஜாதிக்கொரு நிறமாய்க் கையில் கயிறு கட்டிக் கொண்டு வகுப்புக்கு வருவது பற்றிச் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவைகளைத் தடுக்க வேண்டுமென்று அதில் சொல்லப்பட்டிருக்கின்றது. நாமும் அதையே சொல்லுகின்றோம்.

ஆனால் கயிற்றை அறுத்தெறிந்த கைக்கு வேறு என்ன வேலை கொடுக்கப் போகின்றோம்? காலை முதல் மாலை வரையில் தனித்தனியாய் உட்கார்ந்து, தனித்தனியாய் மனப்பாடம் செய்து, தனித்தனியாய் மார்க்கு வாங்கி, ஒருவன் மார்க்கைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவதைத் தவிர, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து செய்கின்ற காரியம் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கின்றது? விளையாட்டு இருக்கின்றது என்றால் அதிலும் இரண்டு கட்சி. கூட்டு மேளத்தில் கட்சி இல்லை. பத்துப் பேர் அடிக்கும்போது ஒருவன் மாத்திரம் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி முந்தி ஓடினால் பத்துப் பேர் தாளமும் கெட்டுப் போகும். பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெருவானாலும் அவன் கையைப் பார்த்துத்தான் தன் கையை எடுக்க வேண்டும். நாலு மாதம் மேளம் அடித்தால் ஜாதி ஒழிந்து போகும் என்று சொல்லுகின்ற பைத்தியக்காரத்தனம் நமக்கில்லை. மேல் ஜாதிக்காரன் வீட்டுப் பிள்ளை, தன் தாத்தா தொட மாட்டேன் என்று சொன்ன மேளத்தைத் தோளில் மாட்டிக் கொண்டு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு ஒரு பேச்சு நடக்கும். அது போதும் நமக்கு, ஆரம்பத்திற்கு.

உலகத்து மேளங்களைக் கற்றுக் கொடுப்பதாயிருந்தால் மேளத்தை மாத்திரம் கொடுத்து, அதன் கதையை மறைக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்காவில் தென் கரோலினா என்ற இடத்தில் 1739இல் நீக்ரோ அடிமைகள் மேளம் கொட்டி ஆள் சேர்த்துக் கலகம் செய்தார்கள். மறு வருஷமே வெள்ளைக்காரர்கள் அடிமைகள் மேளம் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் செய்தார்கள். எஜமானனுக்கு மேளத்தைக் கண்டால் ஏன் பயம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்து கொள்ளட்டும். டிரினிடாட் தீவிலும் 1880களில் கறுப்பர்களின் மேளத்தை அடக்கினார்கள். அவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கோத்து டப்பாவைத் தட்டினார்கள். பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் எறிந்த இரும்புப் பீப்பாயின் மூடியைக் குழித்துக் குழித்து ஸ்வரம் எடுத்தார்கள். 1951இல் அந்தப் பீப்பாய் வாத்தியக்காரர்கள் லண்டனுக்கே போய் வாசித்தார்கள். 1992இல் அது அந்நாட்டின் தேசிய வாத்தியமென்று சர்க்காராலேயே ஒப்புக் கொள்ளப்பட்டது. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள் போய்ச் சேர்ந்த தீவு அது.

இதைவிட நமக்கு நெருங்கிய கதை ஜப்பானில் இருக்கின்றது. அங்கே புராக்குமின் என்கின்ற ஒரு வகுப்பார் உண்டு. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், தோல் பதனிடுவதும், பிணக் காரியங்களும் அவர்கள் தலையில் கட்டப்பட்டன. ஊருக்கு வெளியே குடியிருப்பு. கொள்வினை கொடுப்பினை கிடையாது. நம் நாட்டுச் சேரிக்கும் அதற்கும் பெயர்தான் வித்தியாசம். 1871இல் சட்டப்படி விடுதலை கொடுத்தும் இழிவு போகாததால், 1922இல் அவர்களே கூடி 'சுய்ஹெய்ஷா' என்று ஒரு சமத்துவச் சங்கம் கண்டார்கள். கோயிலிலும் திருவிழாவிலும் முழங்குகின்ற தைக்கோ என்னும் பெரிய மேளத்தைச் செய்து கொடுப்பவர்கள் இவர்கள். அடித்துப் பெயர் வாங்குகின்றவர்கள் வேறு ஆட்கள். 1951இல் ஓகுச்சி என்னும் ஜாஸ் வாத்தியக்காரர் பல மேளங்களை ஒன்று சேர்த்துக் கூட்டமாக அடிக்கும் முறையை ஏற்படுத்தினார். அது உலகமெல்லாம் பரவிய பின்பும் மேளம் செய்கின்றவர்களின் பெயர் வெளியே வரவில்லை. கடைசியில் 1987இல் ஓசாக்கா நகரத்து நனிவா என்னும் தோல்காரர் குடியிருப்புப் பிள்ளைகள், நாங்கள் செய்த மேளத்தை நாங்களே அடிக்கின்றோம் என்று ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இக்காரி'. கோபம் என்று அர்த்தம். நம் நாட்டில் இப்படியொரு குழுவுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் ஏதாவது ஒரு சாமியின் பெயரைத்தான் தேடுவார்கள்! அந்த ஜப்பானில் 2002 முதல் நடுத்தரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் நாட்டு வாத்தியம் ஒன்றையாவது பழகித் தீர வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே ஏற்படுத்தி விட்டார்கள்.

இனி, நாம் மிகவும் மரியாதையோடு யோசிக்க வேண்டிய ஆட்சேபணை ஒன்று இருக்கின்றது. அது மேல் ஜாதிக்காரர்களுடையதல்ல. சேரியில் இருக்கின்ற தகப்பன்மார்கள் சொல்லுகின்றார்கள்: "சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடி உதை பட்டு இந்தப் பறையை எங்கள் தோளிலிருந்து இறக்கினோம். எங்கள் பிள்ளை பேனா பிடிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், அங்கேயும் பறையைக் கொடுக்கின்றீர்களா?" இந்தக் கேள்வியில் இருக்கின்ற நியாயத்தைக் கண்ணை மூடிக் கொண்டு தள்ளி விட முடியாது. பறையை வீசியெறிந்தவர்கள் கலை தெரியாதவர்கள் அல்ல. மானம் தெரிந்தவர்கள். பிணம் விழுந்தால் கூப்பிடாமல் வந்து நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக் கொள்ள வேண்டும், தெருவில் செருப்பில்லாமல் அடித்துப் போக வேண்டும் என்கின்ற நிர்ப்பந்தம் இருந்தவரையில் பறையை எறிந்ததுதான் சுயமரியாதை. இன்றைக்கும் அந்த நிர்ப்பந்தம் எந்த ஊரில் இருக்கின்றதோ அந்த ஊரில் எறிவதுதான் சுயமரியாதை. புறநானூற்றின் 335ஆவது பாட்டில் துடியன், பாணன், கடம்பன் என்பவர்களோடு பறையனையும் சேர்த்து மேலான நாலு குடிகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கின்றது என்று பண்டிதர்கள் எடுத்துக் காட்டுகின்றார்கள். சரி, சொல்லியிருக்கட்டும். பழைய ஏட்டில் பெருமை இருந்தால்தான் இன்றைய மனிதனுக்கு மரியாதை, இல்லாவிட்டால் இல்லை என்றால் அது என்ன மரியாதை? ஈராயிரம் வருஷத்துப் பெருமையைக் காட்டி இன்றைக்கு இழவு வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் பெருமையல்ல.

ஆதலால், பள்ளிக்கூடத்தில் பறை வேண்டும் என்கின்ற நாமே அதற்குச் சில நிபந்தனைகளும் சொல்லுகின்றோம். பறை பழகுவதென்றால் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் பழக வேண்டும். "உனக்குத்தான் இது நன்றாக வரும்" என்று உபாத்தியாயர் சேரிப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாரேயானால் அந்த நிமிஷமே அந்த வகுப்பை மூடி விடலாம். மந்திரி வருகின்றார், கலெக்டர் வருகின்றார் என்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரவேற்பு மேளம் அடிக்கச் செய்யக் கூடாது. ஊருக்கு அடித்த பறை சர்க்காருக்கு அடிக்கின்ற பறையாகும், அவ்வளவுதான் மாறுதல். கோயில் கொடைக்கும் சாவுக்கும் பள்ளிக்கூடத்து மேளம் போகவே கூடாது. பறை இரண்டு கையாலும் அடிக்கின்ற வாத்தியம். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி. மற்றதில் மெல்லிய சிண்டுக்குச்சி. அதில் எத்தனையோ அடி வகைகள் உண்டு. அவைகளில் சாமியாட்டத்துக்கென்று ஏற்பட்ட மருளடியையும் தாளமென்ற அளவில் பிள்ளை கற்றுக் கொள்ளலாம். ஆனால் சாமி வருவது மேளத்தாலா, ஆடுகின்றவன் மூளை மயக்கத்தாலா என்பதையும் அதே வகுப்பில் சொல்லித் தர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான நிபந்தனை, கற்றுக் கொடுப்பவர் யார் என்பது. மேளக்காரரே உபாத்தியாயராக வர வேண்டும். நாற்காலியில் உட்கார வேண்டும். பிள்ளைகள் எழுந்து நின்று ஐயா என்று கூப்பிட வேண்டும். மாதச் சம்பளம் வாங்க வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக் கலியாணத்தில் நாகசுர வித்துவானைத் தோளில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே வாசி என்று பட்டுக்கோட்டை அழகிரி முழங்கியது நம் தோழர்களுக்குத் தெரியும். அந்தத் துண்டு இன்னும் மேளக்காரன் தோளுக்கு வந்து சேரவில்லை. மதுரைப் பக்கத்துப் பறை ஆசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். சந்தோஷமே. ஆனால் பட்டம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஊருக்கு ஒரு உத்தியோகம் கொடுக்கத் தெரிய வேண்டாமா? சென்னை சர்க்காரின் ஜில்லா இசைப் பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. தேவாரத்துக்கு ஒரு உபாத்தியாயர் உண்டு. மகுடத்துக்கும் பறைக்கும் அந்த ஏழில் இடமில்லை. 2012ஆம் வருஷத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்குச் சித்திரம், தேகப்பயிற்சி, சங்கீதம், தையல் முதலியவைகளுக்காக 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர உபாத்தியாயர்களாக எடுத்தார்கள். அவர்கள் வேலை நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றதை எல்லோரும் அறிவார்கள். கலை ஆசிரியனுக்குக் கால் வயிறு என்பது சர்க்காரின் கணக்குப் போலும்.

பாட்டு விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டு, தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்று கிளர்ச்சி செய்த போதே, தெலுங்குச் சாமி போய்த் தமிழ்ச் சாமி வந்ததுதான் மிச்சமா என்ற கேள்வி நமது இயக்கத்தில் எழுந்தது. இப்போது உலகப் பாட்டு என்ற பெயரில் ஆப்பிரிக்கச் சாமியும் அமெரிக்கச் சாமியும் கூட வந்து சேர்ந்தால் நம் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். உழைப்பையும், ஊரையும், சிரிப்பையும், சண்டையையும் பாடுகின்ற பாட்டுக்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. ஒருவர் முன்னே பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது ஆப்பிரிக்கர் வழக்கமென்று அதிசயிக்கின்றார்கள். தென்காசி வயற்காட்டில் நாற்று நடுகின்ற பெண்கள் வேறு எப்படிப் பாடுகின்றார்களாம்? நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இந்தச் சீமைப் பாட்டுக்களைத் தேடித் திரட்டி 1964இல் புஸ்தகமாகவே போட்டிருக்கின்றார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து மெட்டுக்களும் இந்த ஜில்லாவின் சொத்துத்தான். காவடியை இறக்கி வைத்துவிட்டு மெட்டை எடுத்துக் கொள்ளுவதில் தப்பில்லை. அப்படிச் செய்ய முடியுமா என்று சந்தேகப்படுகின்றவர்கள் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நினைத்துப் பார்க்கட்டும். வில்லுப்பாட்டில் பழகிய அவர் 1949இல் 'நல்லதம்பி' படத்தில், சிதம்பரம் போக ஏங்கிய நந்தன் கதையை, பள்ளிக்கூடம் போக ஏங்கிய கிந்தன் கதையாகப் பாடி ஜனங்களைச் சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தார்.

பணமில்லை என்று சொல்லுவார்கள். டிரினிடாட்காரன் பீப்பாயில் வாசித்ததை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. மண் குடம் குயவர் வீட்டில் இருக்கின்றது; மூங்கில் மலையடிவாரத்தில் இருக்கின்றது; தகர டப்பா எந்தக் கடையிலும் கிடைக்கும். இதைக் கொண்டு ஆரம்பித்து, பிறகு வகுப்புக்குப் பத்துப் பறையும் இரண்டு மகுடமும் வாங்கினால் ஐம்பது பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பழகலாம். படிப்புக் கெடும் என்பார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரத்தில் கெடுகின்ற படிப்பு எந்தப் படிப்போ நமக்குத் தெரியவில்லை. 2022 முதல் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கலைத் திருவிழா நடத்துகின்றார்கள். அது வருஷத்தில் சில நாள் போட்டி, ஜெயித்தவனுக்குப் பரிசு. நாம் கேட்பது ஜெயிக்காத பிள்ளைக்கும் வாரா வாரம் ஒரு வகுப்பு.

ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் பெற்றோர்கள் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கின்றது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்திற்குப் போய், மேளக்காரர் ஒருவரைச் சம்பளத்தோடு வகுப்பெடுக்க அழைக்க வேண்டுமென்றும், அந்த வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே மேளத்தை அடிக்க வேண்டுமென்றும் ஒரு தீர்மானம் கொண்டு வர வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம். தீர்மானத்தை எதிர்த்து எந்தெந்தக் கை தூக்குகின்றது, அந்தக் கையில் என்ன நிறத்துக் கயிறு இருக்கின்றது என்பதையும் கவனித்து நமக்கு எழுதுவார்களானால் பிரசுரிப்போம்.